கொரோனாவில் முகம் மரத்துப்போனால்: கூடவே என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள்

கொரோனா வந்தவர்களில் சிலருக்குக் காய்ச்சல், இருமல், வாசனை தெரியாமல் போவது இவற்றோடு முகத்திலும் ஏதோ ஒரு மாற்றம் தெரியும். 'கன்னம் மதமதன்னு கெடக்கு', 'உதட்டைச் சுத்தி எறும்பு ஊருற மாதிரி இருக்கு', 'பல்லு புடுங்க ஊசி போட்ட மாதிரி தாடை மரத்துக் கெடக்கு' என்று திருநெல்வேலிப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். காய்ச்சலுக்குப் பயப்படாதவர்கள்கூட இதற்குப் பயந்துவிடுவார்கள். பக்கவாதமாக இருக்குமோ என்ற எண்ணம் வந்துவிட்டால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது. அப்படிப் பயப்படாமல், 'சளி புடிச்சா அப்படித்தான் இருக்கும், வேது புடிச்சா சரியாப் போயிரும்' என்று நான்கைந்து நாள் வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களும் உண்டு. எனக்கு அவர்களை நினைத்தால்தான் அதிகக் கவலை.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் கொரோனா அவசரநிலையை முடித்துக்கொண்டது. ஆனால் வைரஸ் எங்கும் போய்விடவில்லை. இன்றைக்கும் சளிக் காய்ச்சலோடு வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதனால் இந்த விஷயத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். முகம் எவ்வளவு மரத்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அதோடு கூட வேறு என்ன வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கன்னத்தில் லேசான மரப்புதான், ஆனால் அதே பக்கம் கண் வீங்கியிருக்கிறது என்றால் அது அவசரம். உதடும் இரண்டு கன்னமும் நன்றாகவே விறுவிறுக்கிறது, ஆனால் மூச்சு வாங்கவில்லை, பேச்சு தெளிவாக இருக்கிறது, கை கால் பலமாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் பதற்றப்படாமல் கவனித்துக்கொண்டு வரலாம்.

முதலில் கண்ணாடி முன்னால் நில்லுங்கள்

இப்போதே வீட்டில் யாருக்காவது முகம் மரத்திருந்தால், மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் அவரைப் புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். கண்ணை இறுக்கி மூடச் சொல்லுங்கள். பல் தெரியச் சிரிக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைகிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு பத்து வரை எண்ணட்டும். ஒரு கை தானாகக் கீழே இறங்குகிறதா? கடைசியாக, காலையில் என்ன சாப்பிட்டார் என்று முழு வாக்கியமாகச் சொல்லட்டும். பேச்சு குழறுகிறதா, சொல் மாறி வருகிறதா?

இதில் ஏதாவது ஒன்று சரியில்லை என்றாலும் 108ஐக் கூப்பிடுங்கள். ஒரு பக்கத்து முகம், கை, கால் மூன்றும் சேர்ந்து திடீரென்று மரத்துப்போனாலும், பார்வை மங்கினாலும், நடை தள்ளாடினாலும், இதுவரை வந்தே இராத கடுமையான தலைவலி வந்தாலும் அப்படித்தான். கொரோனா ரத்தம் உறைவதைக் கூட்டக்கூடிய நோய் என்பதால், அந்தச் சமயத்தில் பக்கவாதம் வருவதற்கான வாய்ப்பைத் தள்ளிவிட முடியாது. மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பாபநாசத்திலிருந்தோ ராதாபுரத்திலிருந்தோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வந்த பிறகு ஸ்கேன் எடுத்து, ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் ஊசி போடுவார்கள். 'விடியட்டும், பஸ்ஸுல போவோம்' என்றால் அந்த நேரம் போயே போய்விடும்.

கிளம்பும்போது, அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று யாராவது ஒருவர் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். வழியில் காப்பி, தண்ணீர், மாத்திரை என்று எதையும் வாயில் கொடுக்க வேண்டாம். விழுங்கும் தசைகளும் பலமிழந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

சரி, முகம் ஒழுங்காக அசைகிறது, கை கால் நன்றாக இருக்கிறது, பேச்சும் தெளிவு. அப்படியானால் மேலே படிக்கலாம்.

உணர்ச்சிக்கு ஒரு நரம்பு, அசைவுக்கு வேறொரு நரம்பு

முகத்தில் தொடுவது, சுடுவது, குளிர்வது, வலிப்பது எல்லாம் மூளைக்குப் போவது ஐந்தாவது கபால நரம்பு வழியாக. இது பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உண்டு. ஒவ்வொன்றும் மூன்று கிளையாகப் பிரியும். மேல் கிளை நெற்றி, கண், மூக்கின் மேற்பகுதியைப் பார்த்துக்கொள்கிறது. நடுக் கிளை கன்னம், மேலுதடு, மேல் பற்களுக்கு. கீழ்க் கிளை கீழுதடு, மோவாய், கீழ்ப் பற்களுக்கு. முகத்தை அசைப்பதோ ஏழாவது நரம்பின் வேலை. சிரிப்பது, கண் மூடுவது, வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் வழியாமல் உதட்டைக் குவிப்பது எல்லாம் அதைச் சேர்ந்தவை. ஆகவே 'மரத்துப் போச்சு' என்பதும் 'கோணிப் போச்சு' என்பதும் வேறு வேறு நரம்புகளின் கதை. முகம் கோணியவர்களும் பல சமயம் 'மரத்த மாதிரி இருக்கு' என்றுதான் சொல்வார்கள். பஞ்சால் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தால் தொடுவது நன்றாகவே தெரியும். அசைவு மட்டும்தான் போயிருக்கும்.

தாடையின் கோணமும் காது மடலின் பெரும்பகுதியும் இந்த ஐந்தாம் நரம்பைச் சேர்ந்தவை அல்ல. அவற்றுக்கு உணர்ச்சி கழுத்து நரம்புகளிலிருந்து வருகிறது. முக்கூடலில் நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றும் ஓர் அக்காவுக்குக் காதைச் சுற்றியும் தாடைக் கோணத்திலும் மட்டும் மதமதப்பு இருந்தால், கொரோனாவைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் கழுத்தையும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் முறை நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாயில் ஒரே ஒரு வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் அந்த வயலின் மடையைப் போய்ப் பார்ப்போம். ஓர் இடத்துக்குக் கீழே உள்ள வயல் எல்லாம் காய்ந்தால், கால்வாயிலேயே எங்கோ அடைப்பு. எல்லாக் கால்வாயும் வறண்டால் அணையைப் பார்க்க வேண்டும். முகத்திலும் ரூபாய் நாணயம் அளவு இடம் மட்டும் மரத்திருந்தால், மாஸ்க் அழுத்தியதா, அங்கே கட்டி ஏதும் உண்டா என்று அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். கன்னம், மேலுதடு, மேல் பல் என்று ஒரு கிளையின் பகுதி முழுவதும் மரத்தால், அந்தக் கிளை போகும் வழியில் சிக்கல். பாதி முகத்தோடு கையும் காலும் சேர்ந்தால், மூளை. இரண்டு பக்கமும் ஒரே அளவில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் விறுவிறுத்தால் எந்த அடைப்பும் இல்லை. ஓடுகிற தண்ணீரின் தன்மைதான் மாறியிருக்கிறது, அதாவது ரத்தத்தின் வேதிநிலை.

கொரோனாவில் இது ஏன் வருகிறது

அடிக்கடி காண்பது இரண்டு காரணங்கள். முதலாவது சைனஸ் வீக்கம். நம் கன்ன எலும்புக்குள்ளே மூக்கின் இரு பக்கமும் காற்று அறைகள் இருக்கின்றன. ஐந்தாம் நரம்பின் நடுக் கிளை அந்த அறையின் கூரையை ஒட்டிப் போய், கண்ணுக்குக் கீழே எலும்பில் உள்ள சிறு துளை வழியாகக் கன்னத்துக்கு வருகிறது. சளி கட்டி அந்த அறை வீங்கினால் நரம்புக்கு நெருக்கடி. கன்னம் கனக்கும், குனிந்தால் வலிக்கும், மேல் பல் கூசும், மேலுதட்டில் உணர்ச்சி மங்கும். மூக்கடைப்பு குறையக் குறைய இதுவும் தானாகக் குறையும்.

இரண்டாவது காரணம் வேகமாக மூச்சு விடுவது. இதைப் பலர் நம்புவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பயத்திலோ காய்ச்சலிலோ மூச்சை வேகமாக இழுத்து விட்டால் உடம்பில் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் வெளியே போய்விடும். ரத்தத்தின் காரத்தன்மை கூடும். அப்போது ரத்தத்தில் தனியாக உலவும் கால்சியம் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு குறையும். கால்சியம் குறைந்தால் நரம்புகள் சும்மாவே துடிக்க ஆரம்பிக்கும். உதட்டைச் சுற்றி விறுவிறுப்பு, விரல் நுனியில் ஊசி குத்துவது, சில பேருக்குக் கை விரல் இழுத்துக்கொள்வது எல்லாம் இதனால் வரும். அதைப் பார்த்து இன்னும் பயம், இன்னும் வேகமாக மூச்சு. இது மனப் பிரமை அல்ல. உண்மையில் உடம்பில் நடக்கிற மாற்றம். 'சும்மா நடிக்கா' என்று யாரையும் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. மூச்சு வேகமாவதற்குக் காரணம் பயம்தான் என்று முடிவு செய்வதற்கு முன், ஆக்சிஜன் பார்க்கும் கருவியை விரலில் மாட்டுங்கள். மருதாணியோ நகப்பூச்சோ உள்ள விரல் வேண்டாம். கை சூடாக இருக்கட்டும், ஒரு நிமிடம் அசையாமல் வைத்திருந்து பாருங்கள். 94க்குக் கீழே காட்டினாலோ, ஒரு நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு ஓடினாலோ அது நுரையீரலின் வேலை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அளவு நன்றாக இருந்தால் உட்கார்ந்து, மூக்கு வழியாக நாலு எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் விறுவிறுப்பு இறங்கத் தொடங்கும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய முறை வேண்டவே வேண்டாம். கொரோனா நேரத்தில் அது ஆக்சிஜனைக் குறைத்து ஆபத்தில் விட்டுவிடும்.

இவை தவிர, வைரஸை எதிர்க்க உடம்பு எழுப்பும் அழற்சியும் நரம்புகளையும் அவற்றுக்கு ரத்தம் தரும் நுண்குழாய்களையும் தொந்தரவு செய்யும். தோலில் அங்கங்கே வந்து வந்து போகும் குறுகுறுப்புக்கு இது ஒரு காரணம். மாஸ்க் நாடா காதுக்குப் பின்னால் அழுத்துவது, ஆக்சிஜன் கூடுவதற்காகக் குப்புறப் படுக்கும்போது கன்னம் தலையணையில் நசுங்குவது என்று சின்னக் காரணங்களும் உண்டு. நாடாவைத் தளர்த்தி, தலையை அடிக்கடி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பி வைத்தாலே போதும்.

இன்னொன்று. கபசுரக் குடிநீர் குடித்தவுடன் நாக்கிலும் உதட்டிலும் விறுவிறுப்பு வந்ததாகச் சிலர் சொல்வார்கள். அதில் சேரும் அக்கரகாரத்தை மென்றாலே நாக்கு விறுவிறுத்து மரத்துப்போகும். இலவங்கத்துக்கும் மரக்கச் செய்யும் குணம் உண்டு. குடித்த சில நிமிடங்களில் வந்து கொஞ்ச நேரத்தில் போய்விட்டால் அது மருந்தின் குணம், நோயின் குணம் அல்ல. உதடு வீங்கினால், உடம்பில் தடிப்பு வந்தால், தொண்டை இறுகினால் மட்டும் அது ஒவ்வாமை, உடனே ஆஸ்பத்திரி. கஷாயம் எவ்வளவு, எத்தனை நாள் என்ற சந்தேகம் இருந்தால் பாளையங்கோட்டையில் 1964இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கே போய்க் கேட்கலாம்.

சர்க்கரை உள்ளவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்

2021 கோடையில் இரண்டாம் அலை வந்தபோது கருப்புப் பூஞ்சை என்ற பெயர் எல்லார் வாயிலும் இருந்தது. அந்த ஆண்டு மே மாதம் தமிழ்நாடு அரசு அதை, கண்டுபிடித்தவுடன் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இன்றைக்குப் பலரும் அதை மறந்துவிட்டார்கள். முகம் மரப்பதைப் பற்றி எழுதும்போது அதை ஒரு வரியில் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போவதுதான் பல நோயாளிகளுக்கு அதன் முதல் அறிகுறிகளில் ஒன்றாக இருந்தது.

இந்தப் பூஞ்சை மண்ணிலும் மக்கிய குப்பையிலும் எங்கும் இருப்பது. அதன் வித்துகளை நாம் எல்லாரும் தினமும் சுவாசிக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்வதும் இல்லை. ஆனால் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறியிருக்கும் உடம்பில், அதுவும் ஸ்டீராய்டு மருந்து எதிர்ப்புச் சக்தியை அமுக்கியிருக்கும் நேரத்தில், அது மூக்கிலும் சைனஸிலும் வேர் பிடித்துவிடும். ரத்தக்குழாய்களுக்குள் புகுந்து அடைக்கும். ரத்தம் போகாத சதை செத்துக் கருத்துப்போகும். அந்தச் சைனஸை ஒட்டி ஓடும் நடுக் கிளை நரம்பும் சேர்ந்து பாதிக்கப்படுவதால்தான் கன்னம் மரக்கிறது. அங்கிருந்து கண்ணுக்கும், கண்ணிலிருந்து மூளைக்கும் போக அதற்கு நாட்கள் போதும்.

கூட வருபவை இவை: மரத்த பக்கமே வலி, அந்தப் பக்கம் மூக்கடைப்பு, மூக்கிலிருந்து கருப்பாகவோ ரத்தம் கலந்தோ சளி, கண்ணைச் சுற்றி வீக்கம், இமை கீழே தொங்குவது, பொருள் இரண்டாகத் தெரிவது, காரணமில்லாமல் மேல் பல் ஆடுவது, வாயின் மேல் அண்ணத்தில் கருந்திட்டு. வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் வீட்டில் உள்ளவர்களே அந்தத் திட்டைக் கண்டுபிடித்துவிடலாம். எல்லாம் சேர்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம். சர்க்கரை உள்ள ஒருவருக்குக் கொரோனாவின்போதோ, தேறி வீட்டுக்கு வந்த பிறகு சில வாரங்களுக்குள்ளோ ஒரு பக்கக் கன்னம் மரத்தால், அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போக வேண்டும். அவர் மூக்குக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பார், தேவைப்பட்டால் சதையை எடுத்துச் சோதிப்பார், ஸ்கேன் எடுப்பார். ஆம்போடெரிசின் ஊசியும், செத்த சதையை அகற்றும் அறுவைச் சிகிச்சையும்தான் இதற்கு வைத்தியம். சீக்கிரம் போனால் கண்ணைக் காப்பாற்ற முடியும். அதற்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஸ்டீராய்டு பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2020 ஜூனில் வெளிவந்த பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கொரோனா உயிரிழப்பைக் குறைக்கிறது என்று காட்டியது. அது ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளுக்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மை இல்லை என்பதையும் அதே ஆய்வுதான் சொன்னது. லேசான கொரோனாவில் வீட்டில் இருந்துகொண்டு மெடிக்கலில் கேட்டு வாங்கி இதைப் போட்டால் சர்க்கரைதான் ஏறும். கொரோனாவே சர்க்கரையை ஏற்றும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் காய்ச்சல் நாட்களில் தினமும் பாருங்கள். பசி இல்லை என்று சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; அளவை மாற்ற டாக்டரைக் கேளுங்கள்.

வாய் கோணினால், கொப்புளம் வந்தால்

முகத்தின் ஒரு பாதி அசையாமல் போய், கண் மூட முடியாமல், சாப்பிட்டது கடைவாயில் தங்கி, தண்ணீர் ஓரமாக வழிந்தால் ஏழாவது நரம்பு வீங்கியிருக்கலாம். 'காத்து அடிச்சிருச்சு' என்பார்கள். ஸ்காட்லாந்து அறுவைச் சிகிச்சை நிபுணர் சார்லஸ் பெல்லின் பெயரில் இதை பெல்ஸ் பால்சி என்று டாக்டர்கள் அழைக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகும் இது சிலருக்கு வருவதுண்டு. பக்கவாதத்துக்கும் இதற்கும் வித்தியாசம் காட்டுவது நெற்றி. நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருவதால், பக்கவாதத்தில் வாய் கோணினாலும் புருவம் பெரும்பாலும் உயரும். பெல்ஸ் பால்சியில் நரம்பே பாதிக்கப்படுவதால் நெற்றியும் சுருங்காது. ஆனாலும் இந்த வித்தியாசத்தை வைத்து வீட்டில் முடிவெடுக்க வேண்டாம். திடீரென்று முகம் கோணினால் டாக்டர் பார்க்கும்வரை அது பக்கவாதம் என்றே வைத்துக்கொண்டு ஓடுங்கள்.

பெல்ஸ் பால்சிதான் என்றால் 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசொலோன் தொடங்கினால் குணமாகும் வாய்ப்பு கூடும். இங்கே ஸ்டீராய்டு உதவுகிறது, லேசான கொரோனாவுக்கு உதவவில்லை. அதனால்தான் முடிவை டாக்டரிடம் விட வேண்டும், சர்க்கரை உள்ளவர்களுக்கு அளவுகளைக் கண்காணித்துக்கொண்டே கொடுப்பார்கள். பெரும்பாலோர் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தேறிவிடுகிறார்கள். அதுவரை கண்ணைக் காப்பாற்றுவது நம் வேலை. மூடாத கண் காய்ந்து கருவிழி புண்ணாகிவிடும். பகலில் டாக்டர் தரும் கண்ணீர்ச் சொட்டு, ராத்திரி களிம்பு, இமையைச் சேர்த்து மெல்லிய டேப், வெளியே போனால் கண்ணாடி. காதில் எண்ணெய் ஊற்றுவது, கன்னத்தில் சூடு போடுவது எதுவும் வேண்டாம்.

ஒரு பக்கம் முதலில் எரிச்சலும் மரப்பும் வந்து, இரண்டு மூன்று நாளில் வரிசையாக நீர்க் கொப்புளம் எழும்பினால் அது அக்கி. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து, உடம்பு தளர்ந்த நேரம் பார்த்து எழும்புவதுதான் அது. அக்கி எழுதப் போகிறவர்கள் போகட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால் முதலில் டாக்டரிடம் போய்விட்டு அப்புறம் போங்கள். கொப்புளம் நெற்றியிலோ மூக்கு நுனியிலோ இருந்தால் கண் டாக்டரையும் அன்றைக்கே பாருங்கள்.

மரப்பு முகத்தில் இல்லாமல் காலில் தொடங்கி மேலே ஏறினால், கூடவே கால் தளர்ந்து மாடிப்படி ஏற முடியாமல் போனால், அது கில்லன் பாரே என்ற நரம்பு நோயாக இருக்கலாம். தொற்று முடிந்து ஒன்றிலிருந்து நான்கு வாரங்களுக்குள் வருவது வழக்கம். மூச்சுத் தசை வரை ஏறக்கூடியது என்பதால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தே ஆக வேண்டும்.

ஆபத்து ஒன்றும் இல்லை என்றால் வீட்டில் என்ன செய்வது

மரத்த முகத்துக்கு முதல் பாதுகாப்பு, சூட்டை விலக்குவது. உணர்ச்சி இல்லாத தோலுக்குச் சுடுவது தெரியாது. கொதிக்கிற பானைக்கு மேல் போர்வையை மூடி வேது பிடித்தால் கன்னம் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் தெரியவரும். ஒத்தடம் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் துணியை முதலில் உங்கள் முழங்கையில் வைத்து, வெதுவெதுப்பாக இருந்தால் மட்டும் வையுங்கள். சுடுகஞ்சி, சூடான காப்பி எதுவானாலும் ஆற வைத்துக் குடியுங்கள். மரக்காத பக்கமாக மென்று சாப்பிடுங்கள். இல்லாவிட்டால் கன்னத்தின் உட்புறத்தைப் பல் கடித்துவிடும். சவரம் செய்கிறவர்கள் சில நாள் பிளேடைத் தள்ளி வைக்கலாம்.

மூக்கடைப்புக்கு உப்புநீர் சொட்டு நல்லது. உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுகிறவர்கள் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள். வாய்க்கால் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ அப்படியே கூடாது. காய்ச்சலில் வியர்த்து, வாந்தி பேதியில் உப்பும் நீரும் போயிருந்தால் அதுவும் விறுவிறுப்பைக் கூட்டும். நீராகாரம், கஞ்சி, மோர், ஓஆர்எஸ் என்று எது இறங்குகிறதோ அதைக் குடியுங்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

'நரம்பு மாத்திரை' விஷயத்தில் கவனம் வேண்டும். மரப்பு என்றதும் மெடிக்கலில் ஒரு வைட்டமின் பட்டையை நீட்டிவிடுவார்கள். சைவச் சாப்பாடு சாப்பிடுகிறவர்களுக்கும், வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்கும் பி12 குறைவது உண்மைதான். ரத்தத்தில் பார்த்துவிட்டு, குறைந்திருந்தால் மருந்து எடுப்பது சரி. ஆனால் பி6 வைட்டமினை அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுத்து மரப்பை உண்டாக்கும். கொரோனா காலத்தில் தொடங்கிய துத்தநாக மாத்திரையை மாதக்கணக்கில் நிறுத்தாமல் போடுகிறவர்களுக்கு உடம்பில் செம்பு குறைந்து அதனாலும் நரம்பு கெடும். ஒவ்வொரு டாக்டரும் எழுதிய பட்டைகளை ஒன்றாக மேசையில் வைத்து, எதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். ஒரே வைட்டமின் மூன்று பெயரில் இருப்பது அரிதல்ல.

எத்தனை நாளில் போகும் என்றால், மூச்சு வேகத்தால் வந்தது அன்றைக்கே போய்விடும். சைனஸ் நெருக்கடி சளி இறங்கும்போது, பெரும்பாலும் ஓரிரண்டு வாரத்தில். நரம்பு இழையே சேதமாகியிருந்தால் அது ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அப்படிப்பட்டவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். உணர்ச்சி திரும்பும்போது நடுவில் அரிப்பும் சுரீர் என்ற குத்தலும் வருவது வழக்கம், அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று கலங்க வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் குறையாமல் இருந்தாலோ, பரவிக்கொண்டே போனாலோ, கீழுதடும் மோவாயும் மட்டும் காரணமில்லாமல் மரத்தே கிடந்தாலோ டாக்டரிடம் போங்கள். போகும்போது ஒரு தாளில் என்று தொடங்கியது, எந்த இடம், ஒரு பக்கமா இரண்டு பக்கமா, வந்து போகிறதா நிரந்தரமா, கூட வேறு என்ன என்று எழுதிக்கொண்டு போனால் அவருக்குப் பாதி வேலை குறையும். மரத்த இடத்தைப் பேனாவால் முகத்தில் லேசாக வரைந்து போட்டோ எடுத்துவைத்து, சில நாள் கழித்து ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்ல வழி. சர்க்கரை, பி12, தைராய்டு, கால்சியம் ஆகிய ரத்தச் சோதனைகளை அவர் முதலில் கேட்கக்கூடும். ராத்திரி தூங்க விடாத எரிச்சல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். நரம்பு வலிக்கென்றே மருந்துகள் இருக்கின்றன. அவற்றைக் குறைந்த அளவில் தொடங்கி, தலைசுற்றல் வருகிறதா என்று பார்த்து மெதுவாகக் கூட்டிக் கொடுப்பார்கள். எங்கே போவது, இது அவசரமா என்று ராத்திரியில் குழப்பமாக இருந்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். கை, கால், பேச்சு, கண் என்று வேறு எதுவும் சேர்ந்திருந்தால் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே 108.